கத்தரிக்காய்க் கற்பூரம்

அமெரிக்காவில் கணக்குப் போடும் யந்திரம் ஒன்றுக்குப் புதிதாக ஒரு வேலை கற்றுக் கொடுத்திருக்கிறார்களாம். ஒரு பொருளின் மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது என்ற விவரத்தை உள்ளே ஊட்டினால், அணுக்களையும் அவற்றைச் சேர்க்கும் பிணைப்புகளையும் ஒளிக்கோடுகளாகக் கண்ணாடித் திரையில் வரைகிறதாம். பக்கத்தில் இருக்கும் குமிழைத் திருப்பினால் படமும் திரும்பி முன்பக்கம், முதுகு, அடிப்பாகம் எல்லாம் காட்டுகிறதாம். வாசகசாலையில் ஒரு விஞ்ஞானச் சஞ்சிகையில் படித்தேன். ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த யந்திரத்தின் படமும் இருந்தது. எனக்குப் பொறாமை வரவில்லை. அதே வேலையைச் சில வருஷங்களுக்கு முன்பே குற்றாலத்தில் நாங்கள் செய்து முடித்திருக்கிறோம். எங்கள் யந்திரம் ஒரு கூடைக்குள் அடங்கியது. கத்தரிக்காயால் ஆனது.

நான் அப்போது தென்காசியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ரசாயன வாத்தியார். மேல்வகுப்புப் பையன்கள் விருப்பப் பாடமாக ரசாயனம் எடுக்கலாம் என்று விதி இருந்தது. விருப்பம் இருந்ததா என்று கேட்கக் கூடாது. கந்தக நாற்றம் வீசும் அறை ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த நாற்றம் என்னுடைய சொத்து என்றே நினைத்து வாழ்ந்துகொண்டிருந்தேன். அந்த வருஷம் கோடை விடுமுறை முடிந்து போனபோது தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, சேதி சொன்னார். ரசாயனப் பாடத்தை எடுத்துவிட்டு அந்த அறையில் டைப்ரைட்டிங் வகுப்பு ஆரம்பிக்கலாம் என்று நிர்வாகக் கமிட்டியில் பேச்சாம்.

"அப்போ நான்?" என்றேன்.

"ஒம்ம வேலைக்கு ஆபத்து இல்லைவே. ஆறாம் வகுப்புக்குத் தக்ளி எடுக்க ஆள் இல்ல. நூல் நூக்கச் சொல்லிக் குடுக்கணும்."

தக்ளியும் நானும் ஏற்கெனவே அறிமுகமானவர்கள். ஆசிரியப் பயிற்சியில் நான் நூற்ற நூல் ஒரு முழத்துக்கு மேல் ஒருபோதும் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. பரீட்சையில் நான் நீட்டிய நூலைப் பார்த்துப் பரிசோதகர், "இது முடிச்சு. நூல் எங்கே?" என்று கேட்டார். பட்டம் வாங்கிய மனிதன் மிச்ச ஆயுளை முடிச்சுப் போட்டுக் கழிப்பதா என்று அன்றைக்கு இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாவது வேளை சாப்பிட்டேன்.

டைப்ரைட்டிங் யோசனையைக் கொண்டுவந்தவர் கமிட்டியில் இருந்த வக்கீல். அவருக்கு நல்ல குமாஸ்தா கிடைக்கவில்லை. பள்ளிக்கூடமே தயாரித்துக் கொடுத்தால் தேவலை என்று நினைத்தார். ஆனால் வக்கீல் சொல்வதால் எதுவும் நடந்துவிடாது. நடத்துகிறவர் தலைவர். பண்ணையும் தோப்பும் உள்ளவர், கோயில் தர்மகர்த்தா, நாலு ஊர் வழக்கைத் தீர்த்து வைக்கிறவர். அவர் ஒரு தடவை என் வகுப்புக்கு வந்து பின்பெஞ்சியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, போகும்போது சொன்னது தலைமையாசிரியருக்கு மனப்பாடம்.

"வாத்தியாரு சி எழுதுதாரு, எச்சு எழுதுதாரு, நடுவுல கோடு போடுதாரு. எழுத்துதானவே? அதே எழுத்த டைப்ரைட்டர்ல அடிச்சா உத்தியோகம் கிடைக்கும்லா?"

உண்மையைச் சொல்லப்போனால், எனக்கும் அது எழுத்தாகத்தான் இருந்தது. மூலக்கூறு என்பது நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள வஸ்து என்று புத்தகத்தில் இருக்கிறது. புத்தகமோ தட்டை. கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் கரும்பலகைக்காரர். ஆகவே கார்பன் அணுக்கள் எல்லாம் அப்பளம் மாதிரி ஒரே தளத்தில் காய்ந்துகொண்டிருப்பதாகவே என் மனக்கண்ணில் ஒரு காட்சி. மரக் குண்டுகளும் குச்சிகளும் கொண்ட மாதிரிப் பெட்டி வெளிநாட்டில் விற்கிறார்கள் என்று தெரியும். பெட்டி வாங்கக் கமிட்டியின் அனுமதி வேண்டும். அனுமதி கொடுக்கிற மனநிலைக்குக் கமிட்டியைக் கொண்டுவரப் பெட்டி வேண்டும்.

எங்கள் கமிட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. வருஷக் கூட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் கூட்டமாட்டார்கள். சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்ததும் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் கூடுவார்கள். முதலில் எண்ணெய்த் தேய்ப்பு, அடுத்து அருவி, அப்புறம் இலை போட்டுச் சாப்பாடு, கடைசியில் தீர்மானங்கள். தீர்மானங்கள் பெரும்பாலும் கொட்டாவிக்கு நடுவே நிறைவேறும். தலைமையாசிரியர் பழம் தின்று கொட்டை போட்டவர். எனக்கு வழி சொன்னார்.

"குளிச்சு, சாப்பிட்டு, சாஞ்சு இருக்கும்போது நான் உம்மைக் கூப்பிடுதேன். கையில ஏதாவது கொண்டாரும். வாயால பேசாதேயும், அது ஒமக்கு வராது."

என்ன கொண்டுபோவது? தலைவர் தினம் பார்க்கிற பொருளாக இருக்க வேண்டும். கற்பூரம் என்று முடிவு செய்தேன். கார்பன் பத்து, ஹைட்ரஜன் பதினாறு, ஆக்சிஜன் ஒன்று. களிமண்ணில் உருட்டிப் பார்த்தேன். ஆடி மாதச் சாரலில் அது காயவே இல்லை. ஈர்க்கில் கோத்தால் வழிந்தது. கூட்டத்துக்கு முந்தின நாள் பிற்பகல் சந்தையிலிருந்து வந்த காய்கறிப் பையை என் மனைவி கவிழ்த்துக் கொட்டியபோதுதான் அணுக்கள் தரையில் உருண்டதைக் கண்டேன். கறுத்த பிஞ்சுக் கத்தரிக்காய் கார்பன். சுண்டைக்காய் ஹைட்ரஜன். ஆக்சிஜனுக்குச் சிவப்பு என்பது உலக வழக்கு, தக்காளி.

"குழம்புக்கு ஒரு நாலு கத்தரிக்காயாவது விடுங்க" என்றாள்.

"முடியாது. நாலு குறைஞ்சா அது கற்பூரம் இல்லை."

"சரி, ரசம் வைக்கேன். தக்காளியும் எடுத்தாச்சா? அப்போ வெந்நீர்தான். நாளைக்கு வேலை போனா அதுக்கும் பழகிக்கிடலாம்."

துடைப்பத்திலிருந்து ஈர்க்கு உருவி, கரும்பலகையில் போடுகிற அதே படத்தைத் தரையில் செய்தேன். ஆறு கத்தரிக்காய் வட்டமாக. எதிரெதிர் மூலைகள் இரண்டையும் இணைக்க நடுவே ஏழாவது. படத்தில் சுலபமாக ஒரு கோடு போட்டுவிடலாம். ஈர்க்கு கோட்டின் பேச்சைக் கேட்கவில்லை, எட்டவில்லை. ஈர்க்கை நீளமாக்கினால் பிணைப்பின் அளவு தப்பு. எரிச்சலில் இரண்டு மூலைகளையும் பிடித்து நெருக்கினேன். வட்டம் நடுவில் தணிந்து, மூலைகள் இரண்டும் மேலே எழும்பின. ஏழாவது கத்தரிக்காய் அவற்றுக்கு மேலே, பூக்கூடையின் கைப்பிடி மாதிரி, தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

பட்டப் பரீட்சையில் கற்பூரத்தின் படம் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அது ஒரு கூடை என்று அன்றைக்குத்தான் தெரியும். கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஆக்சிஜன் கைப்பிடிக்கு ஒரு பக்கமாகத் தொங்கியது. அதை மறுபக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? ஆசை விடவில்லை. மனைவியை மறுபடி சந்தைக்கு அனுப்பி, இன்னொன்றும் செய்தேன். முதலாவதன் கண்ணாடிப் பிம்பம் அது. உலகத்தில் இரண்டும் உண்டு என்று புத்தகத்தில் வாசித்து, ஒப்பித்து, மறந்திருந்தேன். இப்போது இரண்டும் என் அடுக்களையில் அருகருகே உட்கார்ந்திருந்தன. "நல்லாத்தான் இருக்கு" என்றாள் மனைவி. "ரெண்டையும் கூட்டு வச்சா இன்னும் நல்லா இருக்கும்."

மறுநாள் ஈரத்துணி போட்டு மூடிய கூடையோடு பஸ் ஏறினேன். அங்கே போனால் எல்லாம் தலைகீழ். மலையில் பெய்த மழையில் அருவியில் வெள்ளம். அருவிக்கு எதிரே உள்ள பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, குளிக்கக் கூடாது என்று போலீஸ்காரர்கள் தடுத்துவிட்டார்கள். கமிட்டி அதற்குள் எண்ணெய் தேய்த்துக்கொண்டுவிட்டது. உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் மினுமினுக்க, இடுப்பில் துண்டோடு, குளிக்கவும் முடியாமல் சாப்பிடவும் முடியாமல் பங்களா வராந்தாவில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெய்த் தலையோடு பசித்திருக்கும் மனிதனிடம் தீர்ப்புக் கேட்கக் கூடாது. தலைவரோ தாமே விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

"சும்மா இருக்கதுக்கு அஜெண்டாவைப் பார்ப்போம். எங்க அந்த ரசாயன வாத்தியாரு? வாரும், இங்கன வாரும். கூடையில என்ன, மாம்பழமா?"

"கற்பூரம்" என்றேன். துணியை எடுத்தேன்.

கமிட்டி எட்டிப் பார்த்தது. வக்கீல்தான் முதலில் தேறினார். "கத்தரிக்கா மாதிரில்லா இருக்கு" என்றார்.

வாயால் பேசாதேயும் என்ற புத்திமதி எனக்கு அந்த நேரம் நினைவில் இல்லை. பேசினேன். நாம் கொளுத்துகிற ஒரு வில்லைக் கற்பூரத்துக்குள் எண்ண முடியாத இந்தக் கூடைகள் அடுக்கி இருக்கின்றன என்றேன். இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்றுக்கு ஒன்று வலது கைக்கு இடது கை மாதிரி. அதே அணுக்கள், அதே பிணைப்புகள், ஆனால் திசை வேறு. மரத்திலிருந்து வடிக்கிற கற்பூரம் முழுக்க வலம். தொழிற்சாலையில் டர்பெண்டைனிலிருந்து செய்கிற கற்பூரத்தில் பாதி வலம், பாதி இடம்.

"நம்ம கோயில்ல கொளுத்துதது எந்தக் கற்பூரம்?" என்று தலைவர் கேட்டார்.

"கடைக் கற்பூரம். தொழிற்சாலையில செஞ்சது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. தலைமையாசிரியர் என் முதுகில் கிள்ளினார். தலைவர் தம் வலது உள்ளங்கையைப் பார்த்தார்; பிறகு இடது உள்ளங்கையைப் பார்த்தார்.

"அப்போ இத்தனை காலமா சாமிக்குப் பாதி இடது கையாலயா காட்டுதோம்?"

தக்ளி என் கண் முன்னால் சுழன்றது. வக்கீல் இதுதான் சமயம் என்று, "டைப்ரைட்டிங்கில இந்தத் தொந்தரவு எல்லாம் கிடையாது" என்றார்.

தலைவர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "வலம்புரிச் சங்கு, இடம்புரிச் சங்கு மாதிரின்னு சொல்லுதீரு. அப்படித்தானவே?"

"அதேதான்" என்றேன். எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

"வலம்புரி எது? அதைக் கொடும், பார்ப்போம்."

கொடுத்தேன். தலைவர் பயபக்தியோடு வலது கையில் வாங்கினார். அந்தக் கை முழங்கைவரை நல்லெண்ணெய். சாண் உயரத்துக்குத் தூக்கியதும் வலம்புரிக் கற்பூரம் வழுக்கி விழுந்து, ஈர்க்குக் கால்களால் துள்ளி, வராந்தாவின் விளிம்புக்குப் போயிற்று. குற்றாலத்துக்குத் காய்கறியால் அணு செய்துகொண்டு வரக் கூடாது என்று பாடப் புத்தகத்தில் இல்லை. பக்கத்து ஊர்க்காரனான எனக்கே தெரிந்திருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு குரங்கு இறங்கியது. தன் சாமானைத் தானே எடுத்துக்கொள்கிற நிதானத்தோடு கற்பூரத்தை எடுத்துக்கொண்டு கூரையில் ஏறியது. முதலில் ஆக்சிஜனைத் தின்றது. ஹைட்ரஜன் கசந்திருக்க வேண்டும், ஒவ்வொன்றாக எங்கள் பக்கமாகத் துப்பியது.

"போனது எது?" என்றார் தலைவர்.

"வலம்புரி."

"அப்போ இங்கன இருக்கது?"

"இடம்புரி."

"வலம்புரியைத்தான் எடுக்கணும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு பாரும்" என்று தலைவர் கூரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "நாம இடம்புரியோட உக்காந்திருக்கோம்."

வக்கீல் எழுந்து துண்டை இறுக்கிக்கொண்டார். "இதுக்குப் போயி. திருப்பி வச்சா இடம் வலமாயிட்டுப் போவுது. நீங்க அந்தப் பக்கம் இருந்து பார்த்தா வலம், நான் இந்தப் பக்கம் இருந்து பார்த்தா இடம். கோர்ட்டுல தினமும் பார்க்கதுதான்."

வாழ்க்கையில் எனக்குப் புத்தி சரியான நேரத்தில் வந்தது அந்த ஒரு தடவைதான். பங்களாக் காவல்காரரின் சவரக் கண்ணாடியைக் கேட்டு வாங்கினேன். அதைப் பெஞ்சியில் நிறுத்தி, மிஞ்சியிருந்த கற்பூரத்தை எதிரே வைத்தேன்.

"கண்ணாடிக்குள்ள தெரியுதது வலம்புரி" என்றேன். "வெளியே இருக்கதைத் திருப்பித் திருப்பி, உள்ளே இப்போ தெரியுதது மாதிரியே ஆக்கிருங்க. ஆக்கிட்டீங்கன்னா நான் தக்ளிக்குப் போறேன்."

வக்கீல் தலைகீழாகப் பிடித்தார். பிம்பமும் தலைகீழானது. கண்ணாடியை நோக்கிச் சாய்த்தார், அது எதிரே அவரை நோக்கிச் சாய்ந்தது. முதுகைக் காட்டினார். கைப்பிடியைத் தரைக்கும் தக்காளியை வானத்துக்கும் காட்டினார். தக்காளியைச் சரிசெய்தால் கைப்பிடி தப்பியது. கைப்பிடியைச் சரிசெய்தால் தக்காளி எதிர்ப்பக்கம் போய் நின்றது.

"எதிர்க்கட்சி வக்கீல் மாதிரில்லா நிக்குது இந்தக் கண்ணாடி" என்றார்.

கமிட்டியில் ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லோரும் முயன்றார்கள். எண்ணெய் வழியும் பெரிய மனிதர்கள் துண்டோடு மண்டியிட்டு, ஒரு சவரக் கண்ணாடிக்கு முன்னால் கத்தரிக்காயைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். "இப்படி வையும்." "அங்கன இல்லைவே, தக்காளியை எனக்குக் காட்டும்." "ஏ, ஒம்ம கையை எடும், மறைக்குது." தலைமையாசிரியரும் இறங்கிவிட்டார். என் வகுப்பில் ஒருநாளும் இவ்வளவு ரசாயனம் நடந்ததில்லை.

தலைவர் மட்டும் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்: "எல்லாரும் எந்திரிங்க. இடம்புரிச் சங்கைக் கவுத்திப் பிடிச்சா வலம்புரி ஆயிருமா? ஆகாது. ஆயிரும்னா ஊர்ல ஒருத்தன் இடம்புரி வச்சிருப்பானா? சுத்திப் பார்த்தா மாறாது. உள்ள இருக்கதை மாத்திக் கட்டணும். என்னவே, வாத்தியாரே?"

பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் முழுக்கச் சொல்லி எனக்கு ஏறாத விஷயத்தை ஒரு தர்மகர்த்தா எண்ணெய்த் தலையோடு நாலைந்து வாக்கியத்தில் முடித்துவிட்டார். நான் தலையாட்டினேன்.

"மாத்திக் கட்டும்."

குனிந்தேன். தக்காளியை அதன் இரண்டு ஈர்க்கோடும் உருவினேன். கைப்பிடிக்கு மறுபக்கத்தில், அதே உயரத்தில் இருந்த கத்தரிக்காயிலிருந்து இரண்டு சுண்டைக்காய்களை எடுத்தேன். தக்காளி இருந்த இடத்தில் சுண்டைக்காய்களையும், அவை இருந்த இடத்தில் தக்காளியையும் குத்தினேன். அவ்வளவுதான் வேலை. நூலைத் தொட்டால் முடிச்சுப் போடுகிற விரல்கள் அன்றைக்குச் சரியாக வேலை செய்தன. கத்தரிக்காய்க்கு என்மேல் நம்பிக்கை இருந்தது போலும்.

கண்ணாடி எதிரே வைத்தேன்.

"இப்போ வெளிய இருக்கது வலம்புரி" என்றார் தலைவர், என்னைக் கேட்காமலே. "உள்ள இருக்கது இடம்."

"ஆமா."

"அதை அங்கனயே இருக்கச் சொல்லும்."

கையெழுத்துப் போடுவதற்காகத் தலைவர் கையைத் துடைத்துக்கொண்டார். ரசாயனப் பாடம் தொடரும். மாதிரிப் பெட்டி வாங்கப்படும். வக்கீல், "அப்போ டைப்ரைட்டிங்?" என்று இழுத்தார். "அதுவும் வைப்போம். வேற ரூமு பாரும். நாத்தம் அடிக்குத ரூமு வாத்தியாருக்கு. ஊர்ல எது வலம், எது இடம்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தராவது வேணும்லா" என்றார் தலைவர். வக்கீலுக்கு வருத்தம் இல்லை; கற்பூரத்தை இன்னும் விடாமல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் என் முதுகில் மறுபடி கிள்ளினார். இந்தத் தடவை வலிக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் வெள்ளம் தணிந்து, குளிக்கலாம் என்று போலீஸ்காரர்கள் விசில் ஊதினார்கள். கமிட்டி அருவிக்குக் கிளம்பியது. எண்ணெய் தேய்க்காத ஒரே ஆள் நான். தலைவர் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். காலையிலிருந்து காத்திருந்த கூட்டம் அருவிக்கு அடியில் நெருக்கியடித்தது.

"தள்ளுங்கவே, சார்வாளுக்கு வழி விடுங்க" என்று அவர் கூட்டத்தைப் பிளந்தார். "இடம்புரியை வலம்புரி ஆக்கினவரு."

ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் வழி விட்டார்கள். வருஷாவருஷம் ஓரத்தில் தெறிக்கிற தண்ணீரில் குளித்தவன், அன்றைக்கு நட்டநடுவில், முழுத் தண்ணீரும் விழுகிற இடத்தில் நின்றேன். மலை முழுவதும் என் தலையில் இறங்குகிற மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். வாய்க்குள் தண்ணீர் போனது. பக்கத்தில் தலைவர் என் காதுக்கு அருகே வாயை வைத்து எதையோ கத்தினார். முதல் தடவை கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டது.

"சாம்பிராணி எந்தக் கைவே?"

கேட்காதவன் போல் தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே கொடுத்தேன்.